வாக்கில்லாத ஒரு நாற்காலி: கென் பாக்ஸ்டன் தப்பிய விதம்

2023 செப்டம்பர் இரண்டாவது வாரம். டெக்சாஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில், பதவி நீக்க விசாரணை நடந்துகொண்டிருந்த மாநில செனட் கூடத்தின் சாட்சி இருக்கையில் மிஸ்ஸி கேரி என்ற முன்னாள் உயரதிகாரி அமர்ந்திருந்தார். விசாரிக்கப்பட்டவரான, மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி (அட்டர்னி ஜெனரல்) கென் பாக்ஸ்டனின் அலுவலக நிர்வாகத்தைக் கவனித்து வந்தவர் அவர். தன் மேலதிகாரிக்கு வேறொரு பெண்ணோடு இருந்த தொடர்பு அலுவலகத்துக்கு என்னென்ன தலைவலிகளைக் கொண்டுவந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2018-ல் பாக்ஸ்டன் நெருங்கிய ஊழியர்களைக் கூட்டி, மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தத் தொடர்பை ஒப்புக்கொண்டதையும் விவரித்தார். எதிரே நீதிபதிகளாக உட்கார்ந்து கேட்ட 31 செனட் உறுப்பினர்களில் அந்த மனைவியும் ஒருவர். பெயர் ஏஞ்சலா பாக்ஸ்டன். மெக்கின்னி பகுதியின் உறுப்பினர்.

அவருக்கு இந்த வழக்கில் வாக்கு கிடையாது. தீர்ப்பைப் பற்றி உறுப்பினர்கள் கூடிப் பேசும் அறைக்குள் நுழையவும் கூடாது. ஆனாலும் அவர் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் 'அவையில் இருப்பவர்' என்று கணக்கில் சேர்க்கப்படுவார். செனட் தனக்குத்தானே எழுதிக்கொண்ட விதி அப்படி. இந்த வழக்கைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் நான் மறுபடி வந்து நிற்பது அந்த நாற்காலிக்கு முன்னால்தான். பாக்ஸ்டன் விடுதலையானதற்குச் சாட்சியங்கள் போதாமல் இருந்தது காரணம் என்பார்கள் சிலர். பணம் காரணம் என்பார்கள் வேறு சிலர். என் கணிப்பு வேறு. சட்டமன்றக் கீழவை பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேற்றிய மே 27-க்கும், செனட்டில் விசாரணை தொடங்கிய செப்டம்பர் 5-க்கும் இடைப்பட்ட நூறு நாட்களில், சாட்சி ஒருவர்கூட வாய் திறக்கும் முன்பே, இந்த வழக்கின் முடிவு பெரும்பாலும் தயாராகிவிட்டது.

33 லட்சம் டாலர்

கதை தொடங்குவது ஒரு சம்பளத் தகராறு போன்ற இடத்தில். 2020 செப்டம்பர் 30 அன்று பாக்ஸ்டனின் மூத்த அதிகாரிகள் எஃப்.பி.ஐ. கதவைத் தட்டினார்கள். ஆஸ்டினின் ரியல் எஸ்டேட் அதிபர் நேட் பாலுக்காக அட்டர்னி ஜெனரல் தன் பதவியைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்பது புகார். மொத்தம் எட்டு அதிகாரிகள் இந்தப் பக்கம் நின்றார்கள். இவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் அல்லர். பாக்ஸ்டனே தேடிப் பிடித்துக் கொண்டுவந்த பழமைவாதிகள். சிலர் தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகும், கட்சிக்கு உழைத்த ஆட்கள். சில வாரங்களில் சிலர் ராஜினாமா செய்தார்கள், சிலர் வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றப்பட்டவர்களில் நான்கு பேர், முறைகேட்டைச் சொன்னதற்காகப் பழிவாங்கப்பட்டோம் என்று வழக்குப் போட்டார்கள்.

2023 பிப்ரவரியில் பாக்ஸ்டன் அவர்களோடு சமரசத்துக்கு வந்தார். 33 லட்சம் டாலர் இழப்பீடு. அதை யார் கொடுப்பது? மாநிலக் கருவூலம்தான். கருவூலத்திலிருந்து பணம் வர வேண்டுமானால் சட்டமன்றம் ஒப்புதல் தர வேண்டும். கீழவையான பிரதிநிதிகள் அவையின் சபாநாயகர் டேட் ஃபீலன், இது வரிப்பணத்தில் கொடுக்க வேண்டிய தொகையாகத் தனக்குத் தெரியவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பணம் கேட்டால் கணக்குக் கேட்பார்கள் என்பது ஊராட்சி அலுவலக எழுத்தருக்குத் தெரியும். எட்டாண்டுகள் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் அதை எப்படி மறந்தார் என்பது எனக்கு இன்றும் புதிர்தான். பணக் கோரிக்கை வந்ததும் அவையின் பொதுப் புலனாய்வுக் குழு சத்தமில்லாமல் கோப்பைத் திறந்தது. குழுவுக்குள் அதற்கு வைத்த பெயர் 'விவகாரம் ஏ'. தலைவர் ஆண்ட்ரூ மர், குடியரசுக் கட்சிக்காரர். இருபுறமும் சுருண்டு நீளும் மீசையால் படம் பார்த்தவர் எவரும் மறக்காத முகம். குழுவில் ஐந்து பேர்: மூன்று குடியரசுக் கட்சியினர், இரண்டு ஜனநாயகக் கட்சியினர்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாக்ஸ்டனும் குடியரசுக் கட்சி. ஃபீலனும் குடியரசுக் கட்சி. மேலவையான செனட்டை நடத்தும் துணை ஆளுநர் டான் பேட்ரிக்கும் அதே கட்சி. ஆளுநர் கிரெக் ஆபட்டும் அதே. ஆளுங்கட்சி எதிர்க்கட்சிச் சண்டையாக இதைப் படித்தால் ஒன்றும் புரியாது. ஒரே வீட்டுக்குள் இரண்டு சமையலறை. ஒருபுறம் பழைய வணிக வட்டாரம். மறுபுறம் மேற்கு டெக்சாஸ் எண்ணெய்ச் செல்வந்தர்கள் டிம் டன், ஃபாரிஸ் வில்க்ஸ் ஆகியோரின் பணத்தில் இயங்கும் கடும் வலதுசாரி அணி. பாக்ஸ்டன் இரண்டாவது அணியின் செல்லப்பிள்ளை.

நான்கு நாட்களில் 121 வாக்கு

மே 23 மதியம் பாக்ஸ்டன் முந்திக்கொண்டார். அவைத் தலைமை இருக்கையில் இருந்தபோது ஃபீலன் குடிபோதையில் இருந்தார், பதவி விலக வேண்டும் என்று அறிக்கை விட்டார். கூட்டத்தொடரின் முந்தைய வெள்ளிக்கிழமை இரவில் சபாநாயகர் நாக்குழறிப் பேசுவது போன்ற ஒரு காணொளி அப்போது சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்கே, புலனாய்வுக் குழு விசாரிப்பது பாக்ஸ்டனைத்தான் என்பது வெளியே வந்தது. அடி விழப்போவது தெரிந்து கையை ஓங்கினார் என்பது ஃபீலன் தரப்பின் விளக்கம். நம்பத் தகுந்த விளக்கம்தான்.

மறுநாள் குழுவின் புலனாய்வாளர்கள் சில மணிநேரம் பகிரங்கமாகத் தங்கள் கண்டுபிடிப்புகளை எடுத்துரைத்தார்கள். 25-ஆம் தேதி குழு ஒருமனதாக 20 குற்றச்சாட்டுகளோடு பதவி நீக்கத்தைப் பரிந்துரைத்தது. 27-ஆம் தேதி, நீண்ட வார விடுமுறையின் சனிக்கிழமை, அவை கூடியது. நான்கு மணிநேர விவாதம். விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே பாக்ஸ்டன் உறுப்பினர்களைத் தொலைபேசியில் அழைத்து மிரட்டுகிறார் என்று குழு உறுப்பினர் சார்லி கெரென் அவையிலேயே எழுந்து சொன்னார். டிரம்ப் தன் சமூக ஊடகப் பக்கத்தில் பாக்ஸ்டனுக்காக வரிந்துகட்டினார். வாக்கெடுப்பு: ஆதரவு 121, எதிர்ப்பு 23. ஆதரித்தவர்களில் 60 பேர் குடியரசுக் கட்சியினர், 61 பேர் ஜனநாயகக் கட்சியினர். சொந்தக் கட்சியில் பெரும்பான்மையே பாக்ஸ்டனைக் கைவிட்டிருந்தது.

வேகம்தான் இந்த 121-ஐத் தந்தது. நான்கு நாளில் எந்தப் பணக்காரரும் விளம்பரம் தயாரிக்க முடியாது, எந்தக் கட்சி மாவட்டத் தலைவரும் கூட்டம் போட முடியாது. ஆனால் அதே வேகம் பின்னால் அவைக்கே எமனாக வந்தது. அவை உறுப்பினர்கள் சாட்சி ஒருவரையும் நேரில் கேட்கவில்லை. புலனாய்வாளர்கள் நேர்காணல் செய்தவர்கள் சத்தியப் பிரமாணம் எடுத்துப் பேசவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இந்த ஓட்டையில் விரலை விட்டு, விசாரணை முடியும் வரை எடுக்கவே இல்லை.

அமெரிக்க நாடாளுமன்ற நடைமுறைக்கும் டெக்சாஸ் நடைமுறைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வாஷிங்டனில் கீழவை தீர்மானம் நிறைவேற்றினாலும் அதிபர் பதவியில் தொடர்வார். டெக்சாஸ் அரசமைப்பின் 15-ஆவது பிரிவுப்படி தீர்மானம் நிறைவேறிய நொடியிலேயே பதவி முடங்கும். பாக்ஸ்டன் அன்று மாலையே இடைநீக்கம் ஆனார். சில நாட்களில் ஆளுநர் ஆபட் ஓர் இடைக்கால அட்டர்னி ஜெனரலை நியமித்தார். நியமித்ததற்கு மேல் ஆபட் ஒரு சொல் பேசவில்லை. கோடை முழுக்கத் தீர்ப்பு வரும்வரை அவர் காத்த மௌனம், அரசியலில் மௌனம் எவ்வளவு சம்பாதித்துத் தரும் என்பதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டு.

மாநில வரலாற்றில் இதற்கு முன் இப்படி விசாரிக்கப்பட்டவர்கள் இரண்டே பேர். 1970-களில் ஒரு மாவட்ட நீதிபதி. 1917-ல் ஆளுநர் ஜேம்ஸ் ஃபெர்குசன். பல்கலைக்கழகத்துக்கான நிதியை வெட்டி வம்பை விலைக்கு வாங்கியவர். செனட் குற்றவாளி என்றது. தீர்ப்புக்கு முதல் நாளே ராஜினாமா செய்துவிட்டு, என்னைத் தண்டிக்கவே முடியாது என்று வாதாடினார். மறுபடி தேர்தலில் நிற்க முடியாமல் போனபோது மனைவி மிரியமை நிறுத்தினார். 1924 தேர்தலில் அவர் வென்று ஆளுநரானார். டெக்சாஸில் கணவன் பதவி நீக்கத்துக்கும் மனைவியின் நாற்காலிக்கும் இருக்கும் தொடர்பு பழையது.

விதி எழுதியவர்கள்

செனட்டில் 31 இடம். அப்போது 19 குடியரசுக் கட்சி, 12 ஜனநாயகக் கட்சி. தண்டிக்க, அவையில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஏஞ்சலா பாக்ஸ்டன் விலகி வெளியே போயிருந்தால் இருப்பவர்கள் 30, தேவை 20. அவர் உட்கார்ந்திருந்தால் இருப்பவர்கள் 31, தேவை 21. அதாவது, வாக்களிக்கவே முடியாத ஒருவர் நாற்காலியில் இருப்பதே விடுதலைக்குப் போட்ட ஒரு வாக்குக்குச் சமம். ஜனநாயகக் கட்சியின் 12 பேரும் தண்டிக்கவே வாக்களிப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், மற்ற 18 பேரில் 9 பேரை இழுக்க வேண்டும். சரிபாதி.

ஜூன் 21 இரவு, நாட்கணக்காக மூடிய கதவுக்குள் நடந்த பேச்சுக்குப் பிறகு, செனட் 25-க்கு 3 என்று விதிகளை ஏற்றது. மனைவிக்கு முரண்நலன் உண்டு, வாக்கில்லை. ஆனால் எண்ணிக்கையில் உண்டு. நல்லிணக்கம் போலத் தெரியும் சொற்கள். முரண்நலனைக் காரணம் காட்டி அவருடைய வாக்கைப் பறித்தவர்கள், அந்த முரண்நலனின் பயனை மட்டும் கணக்கில் விட்டுவைத்தார்கள்.

அதே விதிகளில் இன்னும் சில உண்டு. குற்றம் 'நியாயமான ஐயத்துக்கு இடமின்றி' நிரூபிக்கப்பட வேண்டும். இது கொலை வழக்குக்குரிய அளவுகோல். பதவி நீக்கம் என்பது ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதல்ல, வேலையை விட்டு அனுப்புவது; அதற்குக் குற்றவியல் வழக்கின் தராசைத் தூக்கி வைத்தது, வழக்கறிஞர்கள் கண்ணுக்கு உடனே பட்டது, பொதுமக்கள் கண்ணுக்குப் படவில்லை. ஆதாரங்களை முன்வைக்க ஒவ்வொரு தரப்புக்கும் 24 மணிநேரம் மட்டும். பாக்ஸ்டன் மீது தனியே இருந்த பங்கு மோசடி வழக்கோடு தொடர்புடைய நான்கு குற்றச்சாட்டுகள் தனியே ஒதுக்கிவைக்கப்பட்டன. 16 மட்டும் விசாரணைக்கு வந்தன.

மனைவியைத் தவிர இன்னும் இரண்டு பேரின் இருக்கைகள் பிரச்சினைக்குரியவை. கரோனா காலத்தில் வீட்டு அடமான ஏலங்களை நிறுத்தலாம் என்ற பொருளில் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 2020 ஆகஸ்டில் ஒரு கருத்துரை வெளியிட்டது. நேட் பாலின் சொத்துகள் ஏலத்துக்கு வரவிருந்த வேளை அது. அந்தக் கருத்துரையைக் கேட்டதாகக் காகிதத்தில் இருந்த பெயர் செனட் உறுப்பினர் ப்ரையன் ஹியூஸுடையது. பாக்ஸ்டனோடு தொடர்புபடுத்தப்பட்ட பெண்ணோ, ஒருகாலத்தில் செனட் உறுப்பினர் டோனா கேம்ப்பெலின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இருவருமே வாக்களித்தார்கள். சாதாரண நீதிமன்றத்தில் இப்படி ஒரு ஜூரியை ஐந்து நிமிடத்தில் எழுப்பி அனுப்பியிருப்பார்கள்.

விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் டான் பேட்ரிக். நீதிபதி அல்லர், வானொலித் தொகுப்பாளராக இருந்து அரசியலுக்கு வந்தவர். சட்ட ஆலோசனைக்கு ஒரு முன்னாள் மேல்முறையீட்டு நீதிபதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். செனட்டில் எந்த மசோதா எழும், எது படுத்துக்கொள்ளும், யாருக்கு எந்தக் குழுத் தலைமை என்பதெல்லாம் துணை ஆளுநர் கையில். ஜூலையில் வெளியான தேர்தல் நிதிக் கணக்கில் ஒரு வரி எல்லாரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது: டன், வில்க்ஸ் பணத்தில் இயங்கிய 'டிஃபெண்ட் டெக்சாஸ் லிபர்ட்டி' என்ற அரசியல் நிதிக் குழு ஜூன் மாதக் கடைசியில் பேட்ரிக்குக்கு 30 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. 10 லட்சம் நன்கொடை, 20 லட்சம் கடன். பேட்ரிக்குக்கு அடுத்த தேர்தல் 2026-ல்தான். அந்தக் குழு பாக்ஸ்டனுக்காக விளம்பரம் செய்துகொண்டிருந்த அமைப்பு. சட்டம் இதைத் தடுக்கவில்லை. பேட்ரிக் தலைமையிலிருந்து விலகவும் இல்லை.

இதை லஞ்சம் என்று எழுதுவது எளிது. நான் அப்படி எழுத மாட்டேன். பணம் பேட்ரிக்கின் மனத்தை மாற்றியதா என்பதைவிட, அந்தப் பணத்தின் செய்தி யாருக்குப் போனது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது 18 குடியரசுக் கட்சி உறுப்பினர்களுக்கான அஞ்சலட்டை. வேட்பாளரைக் கட்சிக்குள்ளேயே தேர்ந்தெடுக்கும் அடுத்த உள்தேர்தலில் யாருக்கு எதிராக எவ்வளவு செலவழிக்க எங்களிடம் இருக்கிறது பாருங்கள் என்று எழுதிய அட்டை.

சமையலறையின் கல்

செப்டம்பர் 5 அன்று உறுப்பினர்கள் ஒவ்வொருவராக உறுதிமொழி எடுத்தார்கள். குற்றச்சாட்டுகள் படிக்கப்பட்டன, பாக்ஸ்டன் சார்பில் வழக்கறிஞர் டோனி பஸ்பீ ஒவ்வொன்றுக்கும் 'குற்றவாளி இல்லை' என்றார். முதல் நாளிலேயே வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோரிய மனுக்கள் வாக்குக்கு வந்தன. முதல் மனு 24-க்கு 6 என்று தோற்றது. அதாவது எதைக் கேட்டாலும் விடுதலை என்று முதல் நாளே முடிவெடுத்தவர்கள் ஆறு பேர். மீதி 12 குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் விசாரணை நடக்கட்டும் என்றார்கள். வழக்கை நடத்திய கீழவைத் தரப்பு அந்த எண்ணைப் பார்த்துத் தெம்படைந்தது. அவசரத் தெம்பு. விசாரணை நடக்க வேண்டும் என்று வாக்களிப்பதற்கு அரசியல் விலை குறைவு.

பாக்ஸ்டனைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்று பேட்ரிக் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார். முதல் நாள் காலைக்குப் பிறகு பாக்ஸ்டன் கூடத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். இறுதி வாதத்தின்போதுதான் மறுபடி முகம் காட்டினார். மனைவி தினமும் நாற்காலியில், கணவன் வெளியே.

அவைத் தரப்பில் ஹூஸ்டனின் புகழ்பெற்ற மூத்த வழக்கறிஞர்கள் ரஸ்டி ஹார்டின், டிக் டிகெரின். சாட்சிகள் வலுவானவர்கள். ஜெஃப் மேட்டீர், ரயன் பேங்கர்ட், காவல் துறையில் பல்லாண்டு இருந்த டேவிட் மேக்ஸ்வெல் என்று வரிசையாக வந்து, நேட் பாலின் காரியங்களுக்காகத் தங்கள் அலுவலகம் எப்படி வளைக்கப்பட்டது என்று சொன்னார்கள். எஃப்.பி.ஐ. 2019-ல் நேட் பாலின் வீட்டையும் அலுவலகத்தையும் சோதனையிட்டது. சோதனையிட்ட அதிகாரிகளையே விசாரிக்க வேண்டும் என்று பால் விரும்பினார். அதிகாரிகள் மறுத்தபோது பாக்ஸ்டன் வெளியிலிருந்து அனுபவம் குறைந்த ஓர் இளம் வழக்கறிஞரை அமர்த்தினார். ரயன் வசார் என்ற அதிகாரி, தங்களைக் கட்டுமீறிய ஊழியர்கள் என்று பாக்ஸ்டன் வெளியில் பேசியதைப் பற்றிச் சொல்லும்போது கண்கலங்கினார்.

பிறகு வந்தது சமையலறை. பாக்ஸ்டன் வீட்டைப் புதுப்பிக்கும் செலவை நேட் பால் ஏற்றார் என்பது ஒரு குற்றச்சாட்டு. பாக்ஸ்டனின் இளம் உதவியாளர் ஒருவர் சாட்சி சொன்னார்: சமையலறை மேடைக்குக் கருங்கல் போடுவது பற்றிப் பேச்சு வந்தபோது, 'நேட்டிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்று ஒப்பந்தக்காரர் மூன்று முறை சொன்னதைத் தன் காதால் கேட்டதாக. வலுவான சாட்சி, சொன்னவருக்கு பாக்ஸ்டன் மேல் வெறுப்பு இல்லை. எதிர்த்தரப்பு என்ன செய்தது? சமையலறையின் புகைப்படத்தைத் திரையில் போட்டது. மேடை பழைய மேடைதான். கருங்கல்லே இல்லை. உதவியாளரும் அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வேலைக்கு ஏறத்தாழ 1,21,000 டாலர் பாக்ஸ்டன் தரப்பிலிருந்தே கொடுக்கப்பட்டதற்கான காகிதத்தையும் காட்டினார்கள். அந்தப் பணம் போன நாள், அதிகாரிகள் எஃப்.பி.ஐ.யிடம் போன நாளை ஒட்டியிருந்தது என்பதை அவைத் தரப்பு சுட்டிக்காட்டியது. ஆனால் படம் மனத்தில் பதியும் அளவுக்குத் தேதி பதியாது. கேட்டது உண்மையாக இருக்கலாம், பேரம் பேசப்பட்டிருக்கலாம், பிறகு பயந்து கைவிட்டிருக்கலாம். எதற்கும் 'நியாயமான ஐயம்' என்ற தராசில் இடமுண்டு. ஜூன் இரவில் எழுதிய விதி செப்டம்பரில் வேலை செய்த இடம் இது.

பாக்ஸ்டனோடு தொடர்பிலிருந்ததாகச் சொல்லப்பட்ட அந்தப் பெண் சாட்சி சொல்ல வருவார் என்று மொத்த ஆஸ்டினும் காத்திருந்தது. நேட் பால் அவருக்கு வேலை கொடுத்ததும், ஒரு புனைபெயரில் வாடகைக் கார் கணக்குத் திறந்து பாக்ஸ்டன் அவரைச் சந்திக்க உதவியதும் குற்றச்சாட்டுகளில் இருந்தன. செப்டம்பர் 13 அன்று அவர் கட்டடத்துக்கு வந்தும்விட்டார். கடைசியில், 'வந்திருக்கிறார், ஆனால் சாட்சி சொல்லும் நிலையில் இல்லையெனக் கருதப்படுகிறார்' என்று பேட்ரிக் அறிவித்தார். அன்றே அவைத் தரப்பு, பலரும் எதிர்பார்த்ததற்கு முன்னதாகவே தன் சாட்சியங்களை முடித்துக்கொண்டது. பஸ்பீ உடனே வழக்கைத் தள்ளக் கேட்டார்; பிறகு தானே திரும்பப் பெற்றார்.

பஸ்பீயின் அரசியல் வாதம் கெட்டிக்காரத்தனமானது. 2022 உள்தேர்தல் மறுசுற்றில் பாக்ஸ்டனிடம் தோற்றவர் ஜார்ஜ் பி. புஷ், அந்தப் பழைய குடும்பத்தின் பேரன். அதிகாரிகள் எஃப்.பி.ஐ.யிடம் போன அதே நாட்களில் புஷ் தன் வழக்கறிஞர் உரிமத்தைப் புதுப்பித்தாராம். போதாதா? வணிக வட்டாரமும் புஷ் குடும்பமும் சேர்ந்து பின்னிய வலை என்று ஒரு கதை பிறந்தது. தடயம் என்று பார்த்தால் ஒரு தேதிப் பொருத்தத்துக்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் 18 பேருக்கும் தங்கள் தொகுதியில் போய்ச் சொல்ல ஒரு வரி தேவைப்பட்டது. பஸ்பீ அதை எழுதிக் கொடுத்துவிட்டார். அவைத் தரப்பின் இறுதி வாதத்தில் பேசியவர்களில் ஒருவர் ஜெஃப் லீச், பாக்ஸ்டனின் சொந்த மாவட்டத்துக்காரர், ஒருகாலத்து நண்பர். அவர் பேச்சில் வருத்தம் இருந்தது. வருத்தத்தைத் தொகுதியில் விற்க முடியாது.

14

செப்டம்பர் 15 அன்று 30 பேர் அறைக்குள் போனார்கள். ஏறத்தாழ எட்டு மணிநேரம். மறுநாள் சனிக்கிழமை காலை தீர்ப்பு. 16 குற்றச்சாட்டிலும் விடுதலை. எந்தக் குற்றச்சாட்டுக்கும் 14 வாக்குக்கு மேல் விழவில்லை. கட்சியை மீறி வாக்களித்தவர்கள் இரண்டே குடியரசுக் கட்சியினர்: ராபர்ட் நிக்கல்ஸ், கெல்லி ஹான்காக். சில குற்றச்சாட்டுகளில் ஜனநாயகக் கட்சியினரே சிலர் விடுதலைக்கு வாக்களித்தார்கள். ஒதுக்கிவைத்த நான்கும் 19-க்கு 11 என்று கைவிடப்பட்டன.

14 என்பது 20-க்கும் எட்டாத எண். பிறகு நாற்காலி பற்றிய இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தேவை 20 ஆக இருந்திருந்தாலும் பாக்ஸ்டன் தப்பியிருப்பார். ஆனால் மூடிய அறைக்குள் ஒருவர் முடிவெடுப்பது தனியாக அல்ல. ஒன்பது பேர் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. எட்டுப் பேர் சேர்ந்து தோற்றால் எட்டுப் பேருக்கும் உள்தேர்தலில் தலைமுழுக்கு. வெற்றி எட்டாது என்று தெரிந்ததும் ஐந்தாமவர், ஆறாமவர் எதற்காகத் தன் அரசியல் வாழ்வைக் கொடுக்கப் போகிறார்? வாசல்படி உயர உயர, ஏறப் பார்ப்பவர்கள் குறைவார்கள். விதி எழுதியவர்களுக்கு இது தெரியாமலிருந்தது என்று நான் நம்பவில்லை.

நமக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. 1993 மே மாதத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீதான பதவி நீக்கத் தீர்மானம் மக்களவைக்கு வந்தபோது ஆதரவு 196, எதிர்ப்பு பூஜ்யம். காங்கிரஸ் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தது, தீர்மானம் விழுந்தது. அங்கே வராத வாக்கு காப்பாற்றியது. இங்கே வாக்கில்லாத வருகை.

தீர்ப்பு படித்து முடித்ததும் பேட்ரிக் எழுந்தார். மூன்று மாதமாக நடுநிலை காத்தவர், இப்போது கீழவையை வறுத்தெடுத்தார். வரிப்பணம் லட்சக்கணக்கில் வீணானது, செலவுக்கு முழுத் தணிக்கை வேண்டும், அரசமைப்பையே திருத்த வேண்டும் என்றார். நீதிபதி நாற்காலியின் சூடு ஆறும் முன்பே இந்தப் பேச்சு வந்ததைப் பாக்ஸ்டனின் எதிரிகள் மட்டும் அல்ல, நடுவில் நின்று பார்த்தவர்களும் முகம் சுளித்துக் கேட்டார்கள்.

கணக்குத் தீர்த்தல்

பாக்ஸ்டன் மறுபடி பதவியில் அமர்ந்து, தனக்கு எதிராக வாக்களித்த 60 பேரின் பட்டியலைக் கையில் எடுத்தார். 2024 உள்தேர்தலில் ஊர் ஊராகப் போய் எதிர் வேட்பாளர்களுக்கு ஆதரவு தேடினார். ஆளுநர் ஆபட்டும் அதே தேர்தலில் வேறொரு கணக்கோடு இறங்கியிருந்தார். தனியார் பள்ளிகளுக்கு அரசு நிதி தரும் திட்டத்தை எதிர்த்த தன் கட்சியினரை வீழ்த்துவது அவர் நோக்கம். இரண்டு பட்டியல்களும் பல இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பதவியிலிருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் 15 பேர் தோற்றார்கள். யார் எந்தப் பட்டியலால் தோற்றார் என்று பிரித்துச் சொல்வது கடினம். மர் போட்டியிடவே இல்லை. சபாநாயகர் ஃபீலன் முதல் சுற்றில் பின்தங்கி, மறுசுற்றில் 400-க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் தொகுதியைத் தக்கவைத்தார். சபாநாயகர் பதவியைத் தக்கவைக்க முடியவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் போட்டியிலிருந்து விலகினார்.

இதற்கிடையே, பதவியிழந்த அதிகாரிகளின் வழக்கு மறுபடி உயிர்பெற்றது. 2024 ஜனவரியில், அந்த வழக்கின் உண்மைகளைத் தான் எதிர்த்து வாதாடப் போவதில்லை என்று பாக்ஸ்டன் தரப்பு அறிவித்தது. சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுப்பதைத் தவிர்க்கும் உத்தி அது. விடுதலைக்கு வாக்களித்த குடியரசுக் கட்சி செனட் உறுப்பினர் ட்ரூ ஸ்ப்ரிங்கர் இதைப் படித்துவிட்டு, அப்படியானால் நாம் விசாரணையை மறுபடி திறக்க முடியுமா என்று பேட்ரிக்குக்கும் சக உறுப்பினர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். ஸ்ப்ரிங்கர் மறுபடி தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அதற்கு முன்பே முடிவு செய்திருந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். செனட் விசாரணையை மறுபடி திறக்கவில்லை.

நேட் பால் 2025 ஜனவரியில், வங்கிக்குப் பொய்த் தகவல் கொடுத்ததாகக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பாக்ஸ்டன் மீது கூட்டாட்சி அரசு குற்றம் சாட்டவில்லை. 2025 ஏப்ரலில் அவர் அமெரிக்க செனட்டுக்குப் போட்டியிடுவதாக அறிவித்தார். ஜூலையில் ஏஞ்சலா பாக்ஸ்டன், விவிலிய அடிப்படையில் என்று காரணம் குறிப்பிட்டு, மணமுறிவு கோரினார்.

அந்த ஏப்ரலிலேயே ஆஸ்டின் நீதிமன்றம் ஒன்று, வழக்குப் போட்ட நான்கு அதிகாரிகளுக்கும் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. தொகை 66 லட்சம் டாலர். 2023 பிப்ரவரியில் பாக்ஸ்டன் சட்டமன்றத்திடம் கேட்டதைப் போல இரண்டு மடங்கு.